பேட்டரி செத்துப் போச்சு என்று முடிவு கட்டும் முன்

வயர் உள்ள டிரில்லிங் மெஷின் ஒன்றை நல்ல பிராண்டில் வாங்கினால் பதினைந்து வருஷம்கூட உழைக்கும். கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றிவிடலாம், ஆர்மேச்சர் புகைந்தால் வைண்டிங் கட்டலாம், பேரிங், சுவிட்ச், சக் எது போனாலும் பாரிமுனைப் பக்கம் தேடினால் கிடைத்துவிடும். கார்ட்லெஸ் மெஷின் விஷயம் வேறு. மோட்டாரும் கியரும் புதுசு போலவே இருக்கும், அடியில் மாட்டுகிற பேட்டரி மட்டும் இரண்டு மூன்று வருஷத்தில் படுத்துவிடும். புது பேட்டரி விலை கேட்டால் மெஷின் விலையில் பாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சில மாடலுக்கு அந்த பேட்டரி வருவதே நின்றுபோயிருக்கும், "புது செட்டே எடுத்துடுங்களேன்" என்று கடைக்காரர் சுலபமாகச் சொல்லிவிடுவார்.

வடசென்னையில் பவர் டூல்ஸ் சர்வீஸ் செய்கிறவன் நான். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தச்சர்கள், ஏசி மெக்கானிக்குகள், ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள், சிசிடிவி மாட்டுகிற பையன்கள். கரண்ட் இணைப்பே இன்னும் வராத புது ஃப்ளாட்டில் கிச்சன் கப்போர்டு மாட்டுகிறவருக்கும், பால்கனிக்கு வெளியே தொங்கிக்கொண்டு ஏசி ஸ்டாண்டுக்கு ஓட்டை போடுகிறவருக்கும் பேட்டரி இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். சொல்ல வருவது ஒன்றுதான். பேட்டரி செத்துவிட்டது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் செத்திருப்பது உள்ளே இருக்கிற ஒரே ஒரு செல். அது எந்த செல், எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று அளந்து பார்க்காமல் புதுசு வாங்கவும் வேண்டாம், பழசைத் தூக்கிப் போடவும் வேண்டாம், வீடியோ பார்த்து உயிர் கொடுக்கவும் வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். இன்றைக்குக் கிடைக்கிற 18 வோல்ட் பேக் எதைத் திறந்தாலும் லித்தியம் அயான் செல்கள்தான். 18650 என்பார்கள், 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். புது பேக்குகள் சிலவற்றில் கொஞ்சம் தடிமனான 21700 வருகிறது. ஒரு செல்லின் சராசரி வோல்டேஜ் 3.6, முழுசாக ஏறினால் 4.2. ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். அதே ஐந்து செல்லை முழு சார்ஜில் கணக்குப் போட்டால் 21. ஆக ஒரு கம்பெனி 18 என்று எழுதுவதும், இன்னொன்று 20 மேக்ஸ் என்பதும், சீன மெஷின்கள் 21 என்பதும் எல்லாம் அதே ஐந்து செல்தான். 88 வி.எஃப். என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்து விற்கிறார்களே, அதைத் திறந்தாலும் ஐந்து செல் வரிசைதான் இருக்கும். பேக்கின் கொள்ளளவை ஆம்பியர்-அவரில் சொல்வார்கள். 2 ஆம்பியர்-அவர் பேக் என்றால் ஐந்து செல், 4 அல்லது 5 என்றால் பெரும்பாலும் இரண்டிரண்டாக ஜோடி சேர்த்துப் பத்து செல். இவற்றின் மேலே ஒரு சின்ன போர்டு. அதை பி.எம்.எஸ். என்று சொல்கிறோம். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும், பேக்கின் சூட்டையும் கவனிப்பது அதன் வேலை.

கஸ்டமர்கள் கவுண்டரில் பேட்டரியை வைக்கும்போது சொல்கிற வார்த்தையிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். "சார்ஜ் நிக்கல" என்றால் கொள்ளளவு குறைந்துவிட்டது. அது வயசுக் கோளாறு, அதற்கு வைத்தியம் கிடையாது, செல்லை மாற்றத்தான் வேண்டும். "லோடு எடுக்கல" என்றால் செல்லின் உள் மின்தடை ஏறிவிட்டது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும், போர் தண்ணீரின் உப்பு படிந்து அடைத்துக்கொண்ட குழாயில் சொட்டுச் சொட்டாக வருமே, அதே கதை. மீட்டரில் 20 வோல்ட் காட்டும், ஸ்க்ரூ மரத்துக்குள் பாதி போனதும் மெஷின் நின்றுவிடும். சில சமயம் செல்லில் ஒன்றுமே இருக்காது, டெர்மினலில் பச்சை பிடித்திருக்கும் அல்லது உள்ளே செல்களை இணைக்கிற நிக்கல் பட்டியின் வெல்டிங் விட்டிருக்கும். கடற்கரை ஊரில் டெர்மினலை அவ்வப்போது துடைத்து வைப்பது ரொம்பவே முக்கியம். திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து வருகிற பேக்குகளில் இதை நிறையப் பார்க்கிறேன்.

மூன்றாவது புகார்தான் சுவாரசியமானது. "சார்ஜே ஏறல." சார்ஜரில் மாட்டினால் சிவப்பு லைட் மினுக்மினுக்கென்று அடித்துவிட்டு நின்றுவிடும். இப்படி வருகிற பேக்கைத்தான் மக்கள் குப்பையில் போடுகிறார்கள், இதில்தான் பிழைக்கிற வாய்ப்பும் அதிகம்.

கொளத்தூரில் மாடுலர் கிச்சன் வேலை செய்கிற ஒரு தச்சர் எனக்குப் பல வருஷப் பழக்கம். ஒருநாள் 4 ஆம்பியர்-அவர் பேக் ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார். "இன்னாணா இது, ஊருக்குப் போய்ட்டு வந்து மாட்னா ஏறவே மாட்டேங்குது, போறப்ப நல்லாதான் இருந்துச்சு" என்றார். அடியில் நடுவில் குச்சி வைத்த நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, டி10 பிட் போட்டால் திறக்கும். திறந்து ஐந்து ஜோடிகளையும் தனித்தனியாக மல்டிமீட்டரில் அளந்தேன். நான்கு ஜோடி 3.6 சொச்சத்தில் ஒன்றாக நின்றன. ஒன்று மட்டும் 2.3. மொத்தம் பார்த்தால் பேக்கில் நல்ல சார்ஜ் இருக்கிறது, ஆனால் அந்த ஒரு ஜோடி 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டதால் சார்ஜர் பக்கத்தில் சேர்க்க மறுக்கிறது. பேட்டரி கெட்டது என்று அவர் நினைத்ததில் ஐந்தில் நான்கு பங்கு நன்றாகவே இருந்தது.

இது ஏன் நடக்கிறது என்றால், பல பிராண்டுகளின் டூல் பேக்குகளில் செல்களைச் சமன்படுத்துகிற, அதாவது எல்லாவற்றையும் ஒரே வோல்டேஜில் வைக்கிற வேலை நடப்பதே இல்லை. போர்டு கவனிக்கும், ஆபத்து என்றால் நிறுத்தும், அவ்வளவுதான். சில பழைய டிசைன்களில் அந்த போர்டே தனக்கு வேண்டிய மின்சாரத்தை ஒரு ஓரத்து செல்லிலிருந்து மட்டும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். மெஷினைத் தினமும் ஓட்டினால் அது தெரியாது. மாதக்கணக்கில் பையில் கிடந்தால் அந்த செல் மட்டும் இறங்கி இறங்கிப் பள்ளத்தில் விழும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் நிறைய நாள் தங்கிவிட்டு வருகிறவர்களின் பேட்டரிதான் தை மாதம் என் டேபிளில் வரிசை கட்டுகிறது.

இங்கேதான் வீடியோ வைத்தியம் வருகிறது. நன்றாக இருக்கிற இன்னொரு பேக்கிலிருந்து இரண்டு வயரை எடுத்து, பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று சில நிமிடம் பிடித்தால் செத்த பேக் எழுந்துவிடும் என்று காட்டுகிறார்கள். எழும்தான், பொய் இல்லை. ஆனால் அந்தக் கரண்ட் ஐந்து ஜோடிக்கும் ஒன்றாகப் போகிறது, பள்ளத்தில் இருக்கிற செல்லுக்கென்று தனியாகப் போவதில்லை. ஏற்கெனவே மேலே இருக்கிறவை இன்னும் மேலே போகும், சமன் கெட்டது அப்படியே இருக்கும். நிறைந்த பேக்கிலிருந்து காலி பேக்குக்கு எவ்வளவு ஆம்பியர் பாய்கிறது என்று தடுக்க நடுவில் எதுவும் இல்லை. அதைவிட மோசம், அந்தப் பள்ளத்து செல் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருந்தது என்று யாருமே பார்ப்பதில்லை.

அந்த ஆழம்தான் முக்கியம். லித்தியம் செல்லின் உள்ளே ஒரு பக்கம் செப்புத் தகடு இருக்கிறது. செல் ரொம்பக் கீழே இறங்கினால் அந்தச் செம்பு திரவத்தில் கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் செய்யும்போது கரைந்த செம்பு வேறிடங்களில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு. வெளியே பார்த்தால் செல் பளபளவென்று இருக்கும், சார்ஜும் ஏறும், என்றைக்கோ ஒருநாள் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கும்போது தீப்பிடிக்கும். அதனால் நான் வைத்துக்கொண்டிருக்கிற கணக்கு இதுதான்: 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் முயற்சி செய்யலாம். ஒன்றரை வோல்ட்டுக்குக் கீழே போய் அங்கேயே பல நாள் கிடந்த செல் என்றால் அதன் பேச்சே வேண்டாம். நடுவில் இருந்தால், எத்தனை நாளாக அப்படிக் கிடந்தது என்று கஸ்டமருக்கே தெரியாதபோது, நான் மாற்றிவிடத்தான் சொல்வேன். யார் வற்புறுத்தினாலும் இதில் நான் இறங்கி வருவதில்லை, அந்த பேக் போய் சார்ஜ் ஆகப்போவது குழந்தைகள் படுத்திருக்கிற ஒற்றை ரூம் வீட்டில்.

சரி, தச்சரின் பேக் 2.3. அதற்கு வேண்டியது அந்த ஒரு ஜோடிக்கு மட்டும் மெதுவான சார்ஜ். ரிச்சி தெருவில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் டிபி4056 என்று ஒரு சின்ன போர்டு கிடைக்கும், சில பத்து ரூபாய்தான். ஒற்றை லித்தியம் செல்லை சார்ஜ் செய்ய என்றே வந்தது. செல் 2.9 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அதுவாகவே கரண்ட்டைக் குறைத்து, வழக்கமானதில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே மட்டும் வைத்துப் பதமாக ஏற்றும், 4.2க்கு மேலே போகவிடாது. மற்ற நான்கு ஜோடிகளின் அளவுக்கு அந்த ஜோடியைக் கொண்டு வந்துவிட்டு நிறுத்த வேண்டும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது. சூடு ஏறினால் கழற்றிவிட்டு அந்த செல்லை மறந்துவிடுங்கள்.

ஏறியதும் வேலை முடிந்துவிடவில்லை. பேக்கை அப்படியே ஒரு வாரம் வைத்துவிட்டு மறுபடி ஐந்தையும் அளக்க வேண்டும். எல்லாம் ஒன்றாகவே நின்றால் அது பிழைத்துவிட்டது. அந்த ஒன்று மட்டும் மறுபடி சரிந்தால் உள்ளே கசிவு இருக்கிறது என்று அர்த்தம். தச்சரின் பேக் நின்றது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்று, ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில் வைத்துவிட்டுப் போங்கள், மெஷினில் மாட்டி வைக்காதீர்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. லித்தியம் செல்லை 0 முதல் 45 டிகிரி வரைதான் சார்ஜ் செய்யலாம் என்பது பொதுவான வரம்பு. கத்திரி வெயிலில் சென்னையின் நிழலே 40ஐத் தாண்டுகிறது. மொட்டை மாடியில் வேலை பார்த்துவிட்டு, கொதிக்கக் கொதிக்க பேக்கைக் கழற்றி உடனே சார்ஜரில் போட்டால் நல்ல சார்ஜர் காத்திருக்கச் சொல்லி லைட் போடும், மட்டமான சார்ஜர் கேட்காமல் ஏற்றிவிடும். இரண்டாவது வகைதான் செல்லைத் தின்கிறது. முழு சார்ஜும் சூடும் ஒன்றாகச் சேர்ந்து இருப்பதுதான் லித்தியத்துக்கு ரொம்பக் கெடுதல். அப்படியிருக்க, காலையிலேயே நிறைய ஏற்றி, பைக்கின் பக்கப் பெட்டியில் வைத்து, மதியம் வரைக்கும் வெயிலில் நிறுத்துகிறோம். அரை மணி நேரம் ஃபேனுக்குக் கீழே ஆறவிட்டு சார்ஜ் போடுகிற பழக்கம் ஒன்று வந்தாலே பேட்டரியின் ஆயுள் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடும்.

வெள்ளத்தில் நனைந்த பேக் தனி விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு வேளச்சேரி, முடிச்சூர் பக்கமிருந்தெல்லாம் மூட்டையாகக் கொண்டு வந்தார்கள். காயவைத்துக் கொடுங்கள் என்று கேட்பார்கள், மனசு கஷ்டமாக இருக்கும், ஆனால் சாக்கடைத் தண்ணீர் உள்ளே போன லித்தியம் பேக்கை நான் சார்ஜ் போட மாட்டேன். மெஷினைக் காயவைத்துக் கழுவிச் சரிசெய்யலாம், பேட்டரியை அல்ல.

பழைய நிக்கல் காட்மியம் மெஷின்கள் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கின்றன, அவற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். பிளாக் அண்ட் டெக்கர் 1961இல் கார்ட்லெஸ் டிரில்லைக் கொண்டு வந்ததிலிருந்து பல பத்தாண்டு இந்த செல்தான் ராஜாவாக இருந்தது. சோனி 1991இல் லித்தியம் அயானைச் சந்தைக்குக் கொண்டு வந்த பிறகும், டூல்ஸுக்கு அது வந்து சேர 2003 ஆயிற்று, போஷின் சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஐக்ஸோ மூலமாக. நிக்கல் காட்மியம் செல் ஒன்று 1.2 வோல்ட், 12 வோல்ட் பேக்கில் பத்து, 18இல் பதினைந்து. ரொம்ப நாள் சும்மா கிடந்தால் உள்ளே ஊசி ஊசியாகப் படிகம் வளர்ந்து இரண்டு தகட்டையும் தொட்டுவிடும், செல் பூஜ்யம் காட்டும். அதிக ஆம்பியரைச் சுரீரென்று ஒரு கணம் பாய்ச்சி அந்த ஊசியை எரித்துவிடுகிற வித்தை ஒன்று உண்டு. எரிந்ததும் செல் வோல்டேஜ் காட்டும், சில நாளில் மறுபடி சரியும், இரண்டு தகட்டுக்கும் நடுவில் இருக்கிற தடுப்புத் தாள் ஏற்கெனவே ஓட்டையாகிவிட்டதே. கண்ணுக்கு நேராகச் செல் வெடித்துத் தெறிக்கவும் கூடும் என்பதால் இதை யாருக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை.

ஆனால் பூஜ்யத்துக்குப் போகாமல் வெறுமனே மந்தமாகிப்போன நிக்கல் பேக்குக்கு ஒரு நல்ல வைத்தியம் இருக்கிறது, அது பொறுமை. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட், அதாவது 1.3 ஆம்பியர்-அவர் பேக்குக்கு 130 மில்லி ஆம்பியர் மட்டும் வைத்து, பதினாலு முதல் பதினாறு மணி நேரம் விட வேண்டும். முன்னாலேயே நிறைந்துவிட்ட செல்கள் கூடுதல் கரண்ட்டை வெறும் சூடாக மாற்றிவிடும், பின்தங்கியவை மெல்ல வந்து சேர்ந்துகொள்ளும். இரண்டு மூன்று சுற்று இப்படிச் செய்தால் பல பேக்குகள் நல்ல பலத்தோடு திரும்பி வரும். லித்தியத்தில் இந்த விளையாட்டு ஒருபோதும் கூடாது, அதற்கு ஓவர் சார்ஜ் என்றால் தீ.

இனி முழுசாக செல் மாற்றுவதற்கு வருவோம். ஒரு செல்தான் செத்தது, அதை மட்டும் மாற்றிக்கொடுங்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். புதுசு ஒன்றையும் பழசு நாலையும் கோத்தால் கொஞ்ச நாளில் பழசில் ஒன்று பின்தங்கும், மறுபடி அதே கதை. பேக் ஒரு வருஷத்துக்குள் இருந்து மற்றவை எல்லாம் புதுசு போல அளந்து காட்டினால் ஒழிய, மாற்றினால் மொத்தமாக மாற்றுவதுதான் என் வழக்கம். ஒரே மாடல், ஒரே லாட், மாட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும்.

எந்த செல் என்பதில்தான் பணம் போகிறது. ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் 18650 கேட்டால் கண்ணாடிப் பெட்டியில் பல நிறத்தில் எடுத்துப் போடுவார்கள். 9900 என்று அச்சடித்திருந்தால் கையில்கூட வாங்காதீர்கள். இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனிகள் தருவதே 3500 மில்லி ஆம்பியர்-அவர் வாக்கில்தான். கடையில் சின்ன எலக்ட்ரானிக் தராசு இருந்தால் போட்டுப் பார்க்கலாம், நல்ல செல் 45 கிராம் பக்கத்தில் நிற்கும், முப்பதுக்குச் சரிந்தால் உள்ளே என்ன இருக்கிறதோ. பவர் பேங்குக்கும் லேப்டாப்புக்கும் போடுகிற 2600 செல் அசலாகவே இருந்தாலும் நமக்கு ஆகாது. அது சில ஆம்பியர் கொடுப்பதற்கென்று செய்தது. டிரில் தேக்கு மரத்தில் இறுகும்போது 20, 30 ஆம்பியரை இழுக்கும். அதைத் தாங்க சாம்சங் 25ஆர் மாதிரி 20 ஆம்பியர் செல்கள் வேண்டும், கொள்ளளவு 2500தான், ஆனால் டூலுக்கு வேண்டியது அதன் பலம். முராட்டா விடிசி6, எல்.ஜி. எச்ஜி2 இவையும் இந்த இனம்தான். இவற்றிலும் மேலே சுற்றிய உறையை மட்டும் மாற்றிய போலிகள் வருகின்றன. அதனால் என் கடைக்கு யாராவது செல் வாங்கி வந்தால் உள் மின்தடை அளந்துவிட்டுத்தான் மாட்டுவேன். நல்ல பவர் செல் புதுசில் 20 மில்லி ஓம் வாக்கில் காட்டும். 50, 60 காட்டினால் அது எங்கேயோ உழைத்துக் களைத்து வந்தது.

நிக்கல் பட்டியிலும் ஏமாற்று உண்டு. இரும்புத் தகட்டுக்கு நிக்கல் முலாம் பூசி சுத்த நிக்கல் என்று விற்பார்கள், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு துண்டை உப்புத்தாளில் நன்றாகக் கீறி உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டுவையுங்கள், இரும்பு என்றால் காலையில் துரு காட்டிக்கொடுத்துவிடும். இரும்புப் பட்டி கூடுதல் மின்தடையால் சூடாகும், சென்னைக் காற்றில் துருவும் பிடிக்கும்.

பட்டியை செல்லோடு சேர்க்க ஸ்பாட் வெல்டிங்தான் வழி. சால்டரிங் அயர்னை செல்லின் தலையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தால் சூடு உள்ளே இறங்கி தடுப்புத் தாளைக் கெடுத்துவிடும். ஸ்பாட் வெல்டர் இல்லாதவர்கள் செல்லை வாங்கிக்கொண்டு, இ-பைக் பேட்டரி கட்டுகிற கடைகளில் கொடுத்து வெல்ட் செய்துகொள்ளலாம், நகரம் முழுக்க இப்போது அந்தக் கடைகள் வந்துவிட்டன. ஒரு விஷயத்தை மட்டும் நின்று பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். 18650 செல்லின் வெளிக் கூடு முழுக்க மைனஸ், பிளஸ் முனையின் விளிம்பு வரைக்கும் அது மைனஸ்தான். நடுவிலே சின்ன வட்டம் மட்டும் பிளஸ். இரண்டுக்கும் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர், மேலே மூடியிருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை. டிரில்லின் அதிர்வில் பட்டி உரசி உரசி அந்த உறை கிழிந்தால் நேரடி ஷார்ட். அதனால் ஒவ்வொரு பிளஸ் முனையிலும் ஃபிஷ் பேப்பர் என்கிற தடித்த காப்புத் தாளில் வெட்டிய வளையம் ஒட்டியே ஆக வேண்டும். சில பைசா விலைதான், அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். நீங்களே கட்டுகிறீர்கள் என்றால் மோதிரம், காப்பு, செயின் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்து, புது செல் எல்லாம் மாட்டி, சார்ஜரில் வைத்தால் மறுபடி சிவப்பு லைட். சில பிராண்டுகளின் போர்டு, ஒரு தடவை கோளாறைப் பார்த்துவிட்டால் அதைத் தன் நினைவில் பூட்டி வைத்துக்கொள்கிறது. செல் மாறியது அதற்குத் தெரியாது, தெரிவிக்க வழியும் வைக்கவில்லை. பாதுகாப்புக்காக என்று சொல்கிறார்கள், பாதுகாப்பு வேண்டும்தான், எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் கோளாறு சரியான பிறகு பூட்டைத் திறக்க ஒரு சர்வீஸ்காரனுக்கு வழி கொடுக்காதது பாதுகாப்பு ஆகாது, அது பேட்டரி வியாபாரம். 2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனம், விவசாயக் கருவிகள் என்று முதலில் எடுத்துக்கொண்டார்கள். தச்சரின் டிரில்லும் அந்த வரிசையில் வர வேண்டும். ஒருவருடைய அன்றாடக் கூலி அதில் இருக்கிறது. இப்போதைக்கு, உங்கள் மாடலின் போர்டு பூட்டிக்கொள்ளும் வகையா என்று விசாரித்துவிட்டு செல் வாங்குங்கள். பூட்டிக்கொள்ளும் வகை என்றால் தனியாக விற்கிற மாற்று போர்டு கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பேட்டிபிள் பேக், அதாவது நம் மெஷினுக்குப் பொருந்துகிற மாதிரி வேறு கம்பெனி செய்தது, வாங்கலாமா என்பது அடிக்கடி வருகிற கேள்வி. வாங்கலாம், தராசோடு போங்கள். 6 ஆம்பியர்-அவர் என்று எழுதிய பெரிய உறைக்குள் பத்து செல் இருக்க வேண்டும், செல் எடையே 450 கிராம், உறையும் போர்டும் சேர்ந்தால் அறுநூறைத் தாண்ட வேண்டும். நானூறுக்குள் இருந்தால் உள்ளே ஐந்துதான், மிச்சம் காலி இடம். அடுத்து, செல்லில் பி.ஐ.எஸ். என்கிற இந்தியத் தர அமைப்பின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், லித்தியம் செல்லுக்கு ஐ.எஸ். 16046 என்கிற தரம் இங்கே கட்டாயம்.

இப்படி எல்லாம் அளந்து பார்த்த பிறகு சில சமயம் புது ஒரிஜினல் பேக்கே சரி என்று நானே சொல்லி அனுப்புகிறேன். 2 ஆம்பியர்-அவர் சின்ன பேக்குக்கு நல்ல செல் ஐந்து, வெல்டிங், கூலி என்று சேர்த்தால் தள்ளுபடிக் காலத்துப் புது பேக்கின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பத்து செல் பேக்கில்தான் மாற்றுவதன் லாபம் தெரியும். இன்னும் நன்றாகத் தெரிவது பேட்டரி வருவது நின்றுபோன மெஷின்களில். பழைய 12 வோல்ட் நிக்கல் டிரில்லுக்கு மூன்று லித்தியம் செல், 14.4க்கு நான்கு, 18க்கு ஐந்து, கூடவே 30 ஆம்பியருக்குக் குறையாத பி.எம்.எஸ். போட்டு அதே உறைக்குள் அடக்கிவிடலாம். மெஷின் எடை குறையும், மாதக்கணக்கில் வைத்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காது. சார்ஜரை மட்டும் கண்டிப்பாக மாற்ற வேண்டும். பழைய நிக்கல் சார்ஜரில் லித்தியம் பேக்கைத் தெரியாமல்கூட யாரும் மாட்டிவிடாதபடி, நான் பழைய சார்ஜரின் வயரை வெட்டிவிட்டுத்தான் மெஷினைத் திருப்பிக் கொடுப்பேன்.

கழற்றிய செல்களைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள், குப்பை வண்டியிலும் போடாதீர்கள். காட்மியம் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்து கடைசியில் வந்து சேர்கிற இடம் மனிதனின் சிறுநீரகம். லித்தியம் செல் நசுங்கினால் கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பை மேட்டில் நெருப்பாகும், அங்கே கையால் கிளறிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளருடையது, இறக்குமதி செய்கிறவருக்கும் சேர்த்து. சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், வாங்க மறுத்தால் விதியைச் சொல்லிக் கேளுங்கள். கொடுக்கும் வரை ஒவ்வொரு செல்லின் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மூடி போடாத மண் சட்டியிலோ பீங்கானிலோ தனியாக வையுங்கள். உறை, போர்டு, டெர்மினல் துண்டு இவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே மாடல் வைத்திருக்கிற யாரோ ஒருவருக்கு உடைந்த கிளிப்போ எரிந்த டெர்மினலோ தேவைப்படும், அது புதுசாக எங்கேயும் விலைக்குக் கிடைப்பதில்லை.